குதிகால் நாண் அறுந்தால்: சுளுக்கென்று எண்ணி வாளாவிருக்கலாமா?

பொழுது புலருமுன் தலைவிளக்கின் ஒளியில் மரம் சீவத் தொடங்கிய தொழிலாளி ஒருவர், பால் எடுத்து முடித்தபின் வாளிகளைச் சுமந்துகொண்டு மேட்டு நிரையிலிருந்து இறங்கி வருகிறார். முதல் நாள் இரவு பெய்த மழையால் மண்படி வழுக்குகிறது. ஒரு கால் சறுக்குகிறது. மறுகாலை அழுத்தி ஊன்றி நிமிர முயல்கிறார். அந்தக் கணத்தில் பின்னங்காலில் எவரோ தடியால் ஓங்கி அடித்தது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. ‘படீர்’ என்று ஓர் ஓசையும் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறார், பின்னால் ஒருவரும் இல்லை.

இது கற்பனையாக நாம் அமைத்துக்கொண்ட காட்சிதான். ஆயினும், எந்தத் தோட்டத்திலும் எந்த நாளிலும் நேரக்கூடியதே. அடுத்து என்ன நடக்கும் என்பதும் நாம் அறிந்ததே. லயத்துக்கு வந்து சேர்ந்ததும் அண்டை வீட்டார், “சுளுக்குத்தான் அண்ணே, எண்ணெய் போட்டு நீவிவிட்டால் நாலு நாளில் சரியாகிவிடும்” என்பர். நொண்டியபடியேனும் நடக்க முடிவதால் அவரும் அதை நம்பிவிடுகிறார். நான்கு நாள் நான்கு வாரமாகிறது. வீக்கம் வடிகிறது, வலியும் குறைகிறது. ஆனால், காலில் பழைய வலிமை மட்டும் திரும்பவில்லை. மேடு ஏற இயலவில்லை. குதிகாலைத் தூக்கி நிற்க இயலவில்லை.

அவருக்கு நேர்ந்தது சுளுக்கன்று. குதிகால் நாண் அறுந்துவிட்டது. அன்றே மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் மிகச் சிறிய கீறலின் வழியாகவோ, கீறலே இன்றியோ குணமடைந்திருக்கக்கூடிய ஒரு நோய், காலதாமதத்தினால் பெரிய அறுவையை வேண்டுவதாக மாறிவிட்டது. இதனை எவ்வாறு அறிந்துகொள்வது, இன்றைய மருத்துவம் இதற்கு என்ன வழி கண்டுள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நாண் என்பது யாது?

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறு போன்ற உறுப்பே தசைநாண் ஆகும். நம்மில் பலர் இதனை ‘நரம்பு’ என்றே வழங்குகிறோம். ஆனால், நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுசெல்லும் வேறோர் உறுப்பு. நாண் இழுக்கும் வேலையைச் செய்வது. தசை சுருங்கும்போது நாண் எலும்பை இழுக்கிறது. அதனால் மூட்டு அசைகிறது.

கணுக்காலைச் சுற்றிப் பல நாண்கள் உள்ளன. உட்புறக் கணுவெலும்புக்குப் பின்னால் செல்லும் நாண் ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்கிறது. வெளிப்புறக் கணுவெலும்புக்குப் பின்னால் செல்லும் இரண்டு நாண்கள், கரடுமுரடான நிலத்தில் பாதம் உட்புறமாகப் புரண்டுவிடாதபடி காக்கின்றன. இவை எல்லாவற்றிலும் பெரியது, கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்கிக் குதிகால் எலும்பில் சேரும் குதிகால் நாண். மனித உடலிலுள்ள நாண்களுள் மிகத் தடித்ததும் மிக வலிமை வாய்ந்ததும் இதுவே. கிரேக்கக் கதையில் வரும் அக்கிலீஸ் என்னும் வீரனுக்கு உடலெங்கும் காயம் படாத வரம் இருந்தது. குதிகால் ஒன்றே அவனது பலவீனம். அவன் பெயரால் இதனை ‘அக்கிலீஸ் நாண்’ என்றும் மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

ஓடும்போதும் குதிக்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை இந்நாண் தாங்குகிறது. அத்தகைய வலிமை உடையது ஏன் அறுகிறது? குதிகால் எலும்பிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 6 செண்டிமீட்டர் உயரத்தில் உள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. வயது ஏறஏற அங்குள்ள இழைகள் சிறிது சிறிதாக நைந்துபோகின்றன. பழைய கயிறு வெளியே முழுமையாகத் தோன்றினும் உள்ளே இற்றிருப்பது போன்ற நிலை அது. பின்னர் ஒரு நாள் திடீரென விழும் இழுப்பில் அது அறுந்துவிடுகிறது. முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு ஞாயிறன்று மட்டும் பந்தாடுவோருக்கும் இது நேர்வதுண்டு.

சுளுக்கா, நாண் அறுந்ததா?

நாண் அறுந்தும் ஒருவரால் நடக்க முடிகிறதே என்னும் ஐயம் எழலாம். மக்கள் ஏமாறுவது இவ்விடத்தில்தான். கணுக்காலின் மற்ற நாண்கள் அறாமல் இருப்பதால், பாதத்தை ஓரளவு மேலும் கீழும் அசைக்க முடியும். ஆகவே, ‘அசைகிறது, ஆகையால் அறவில்லை’ என்று முடிவு செய்வது பிழையாகும். கீழ்க்காணும் அடையாளங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, பின்னங்காலில் அடி விழுந்தது போன்ற உணர்ச்சியும் ஓசையும். சுளுக்கில் வலி பெரும்பாலும் கணுவின் பக்கவாட்டில் இருக்கும். நாண் அறுந்தாலோ வலி குதிகாலுக்கு மேலே பின்புறத்தில் இருக்கும்.

இரண்டாவது, அந்தக் காலை மட்டும் ஊன்றிக் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியாமை.

மூன்றாவது, விரலால் மெல்லத் தடவும்போது நாணின் நடுவே ஒரு பள்ளம் தென்படுதல். வீக்கம் மிகுந்துவிட்டால் இப்பள்ளம் மறைந்துவிடும்.

நான்காவது, மருத்துவர்கள் செய்யும் ஓர் எளிய சோதனை. நோயாளியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு வைப்பர். பிறகு கெண்டைச் சதையைக் கையால் பிடித்து அழுத்துவர். நாண் நன்றாக இருந்தால் பாதம் தானே கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தால் அசையாது. சிம்மண்ட்ஸ் என்பவர் 1957ஆம் ஆண்டிலும், தாம்சன் என்பவர் 1962ஆம் ஆண்டிலும் இச்சோதனையை விளக்கி எழுதினர். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையை ஒரு சிறிய சுகாதார நிலையத்திலும் செய்துவிடலாம்.

உடனே செய்ய வேண்டியவை

அடையாளங்களுள் ஒன்று தென்பட்டாலும் காலை நீவக் கூடாது. எண்ணெய் தேய்த்து உருவுவதும், ‘சுளுக்கு எடுப்பதும்’ அறுந்த முனைகளை மேலும் விலக்கி, உள்ளே இரத்தம் கசியச் செய்யும். அக்காலை ஊன்றாமல், இருவர் தோளில் தாங்கி அழைத்துவர வேண்டும். பாதத்தின் நுனி கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, அட்டையையோ சிம்பையோ வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். நுனி கீழ்நோக்கி இருக்கும்போது அறுந்த இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். படுக்கும்போது காலைத் தலையணைமீது உயர்த்தி வைக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

காலம் இங்கு மிக முக்கியம். முதல் இரண்டு வாரங்களுக்குள் அறுந்த முனைகளை எளிதாக ஒன்று சேர்க்கலாம். ஏறத்தாழ நான்கு வாரங்கள் கடந்தால், கெண்டைத் தசை சுருங்கி மேல்முனையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இடைவெளியில் வலுவற்ற தழும்புத் திசு வளர்ந்துவிடும். அதன்பிறகு பெரும்பாலும் நீண்ட கீறல் போட்டு அறுவை செய்ய நேரிடும். கட்டைவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகாலில் பொருத்த வேண்டிய நிலையும் வரலாம். நான்கு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்னும் எண்ணத்திற்கு நாம் கொடுக்கும் விலை இதுவே.

சிறு துளை வழியே அறுவை

குதிகாலின் பின்புறத்தோல் மெல்லியது. அதற்கு அடியில் சதைப்பற்றும் இல்லை. முன்னாளில் இவ்விடத்தில் 10 செண்டிமீட்டர் அளவுக்கு அல்லது அதற்கும் மேலாகக் கீறி நாணைத் தைத்தனர். தையல் உறுதியாக இருந்தது. ஆனால், சிலருக்கு மேற்புண் ஆறாமலும் சீழ் பிடித்தும் தொல்லை தந்தது.

மரம் சீவும் நமக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். கைதேர்ந்தவர் பட்டையை மெல்லியதாகச் சீவுவார். பாலும் வரும், பட்டையும் மீண்டும் வளரும். ஆழ வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். வேண்டிய அளவுக்கு மேல் வெட்டாமை மருத்துவத்திலும் ஒரு திறனே.

1977ஆம் ஆண்டில் மா, கிரிஃபித் என்னும் இரு மருத்துவர்கள் புதிய முறை ஒன்றை வெளியிட்டனர். நாணின் இரு மருங்கிலும் ஆறு சிறு துளைகள் மட்டும் இட்டு, அவற்றின் வழியே ஊசியும் நூலும் செலுத்தி, உள்ளேயே நாணைத் தைத்து இறுக்கும் முறை அது. பின்வந்த ஆண்டுகளில் இது மேலும் சீர்திருத்தம் பெற்றது. இன்று பலவிடங்களில், அறுந்த இடத்தில் ஏறத்தாழ 2 அல்லது 3 செண்டிமீட்டர் கீறல் ஒன்றே போடுகின்றனர். கவட்டை போன்ற ஒரு கருவியை அதன் வழியே நாணின் உறைக்குள் நுழைத்து, தோலுக்கு வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தி, நூலை நாணில் கோத்து, கருவியை வெளியே எடுக்கும்போது நூல்களையும் உடன் இழுத்துக்கொள்கின்றனர். மேல்முனை நூலையும் கீழ்முனை நூலையும் முடிந்ததும் நாண் ஒன்று சேர்கிறது. நோயாளியின் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தும் இதனைச் செய்யலாம்.

கணுக்காலின் மற்ற நாண்களுக்கும் துளை வழி மருத்துவம் வந்துள்ளது. மூட்டுக்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் எண்ணத்தை ஆசியாவைச் சேர்ந்த ஒருவரே முதலில் செயற்படுத்தியவர்களுள் விளங்கினார். ஜப்பானியராகிய கென்ஜி தக்காகி, 1918ஆம் ஆண்டில் தோக்கியோவில் சிறுநீர்ப்பையைக் காணும் குழாயைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டினுள் நோக்கினார். அவ்வழியில் வளர்ந்த கலையை, 1990ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் நீக் வான் டைக் கணுக்கால் நாண்களின் உறைக்குள்ளும் பயன்படுத்திக் காட்டினார். இரண்டு சிறு துளைகளுள் ஒன்றில் பார்க்கும் கருவியும், மற்றொன்றில் வெட்டும் கருவியும் செல்கின்றன. உறையின் அழற்சியை நீக்கவும், குதிகால் எலும்பில் உறுத்தும் முனையைத் தேய்த்துச் சமன்செய்யவும் இம்முறை உதவுகிறது.

எல்லாருக்கும் அறுவை வேண்டுமா?

சிறு துளை என்றதும் தீங்கே இல்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. குதிகால் நாணின் வெளிப்பக்கத்தில் உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. பெரிய கீறலில் அதனைக் கண்ணால் கண்டு விலக்கலாம். சிறு துளையில் அது மறைந்திருப்பதால் ஊசியோ நூலோ அதனைத் தாக்கக்கூடும். அவ்வாறாயின் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும்.

இவ்வுண்மையை நோர்வே நாட்டில் நடைபெற்ற ஓர் ஆய்வு தெளிவாக்கியது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வில், நாண் அறுந்த 526 பேரின் நிலை கணக்கிடப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அறுவையின்றிக் கட்டும் காலணியும் பயிற்சியும் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினருக்குப் பெரிய கீறல் அறுவையும், மூன்றாம் பிரிவினருக்குச் சிறு கீறல் அறுவையும் செய்யப்பட்டன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்று பிரிவினரும் நடப்பதிலும் இயங்குவதிலும் ஏறத்தாழ ஒரே நிலையை அடைந்திருந்தனர். ஆனால், அறுவை செய்யாதவருள் நூற்றுக்கு 6.2 பேருக்கு நாண் மீண்டும் அறுந்தது. அறுவை செய்த இரு பிரிவிலும் அது நூற்றுக்கு 0.6 மட்டுமே. நரம்புக் காயமோ சிறு கீறல் பிரிவில் நூற்றுக்கு 5.2, பெரிய கீறல் பிரிவில் 2.8, அறுவை இல்லாத பிரிவில் 0.6 என இருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அறுவை செய்துகொள்வதும் ஒரு வழி. செய்யாமல் குணப்படுத்துவதும் ஒரு வழி. இரண்டிலும் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. வயது, தொழில், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து மருத்துவர் ஆலோசனை கூறுவார். “ஐயா, என் தொழில் மேடு பள்ளத்தில் நடப்பது, வாளி சுமப்பது” என்பதை அவரிடம் தயங்காமல் கூறுங்கள். அம்முடிவுக்கு அச்செய்தி மிகத் தேவை. ஆயினும் ஒன்றை மறவாதீர்: அறுவையின்றிக் குணப்படுத்துதல் என்பது வீட்டில் சும்மா இருப்பதன்று. அதற்கும் முதல் நாட்களிலேயே பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுதல் இன்றியமையாதது.

நாண் அறாமல் நாள்தோறும் வலித்தால்?

சிலருக்கு நாண் அறுவதில்லை. காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகால் பின்புறம் விறைத்து வலிக்கும். சிறிது நடந்ததும் தளரும். வேலை முடிந்ததும் மீண்டும் வலிக்கும். நாண் தடித்தும் காணப்படும். இத்தகையோருக்கு முதல் மருந்து அறுவை அன்று, பயிற்சியே.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்பவர் 1998ஆம் ஆண்டில் இதற்குரிய பயிற்சியை வெளியிட்டார். அவருக்கே குதிகால் வலி இருந்ததாகவும், தமக்கு அறுவை செய்ய மேலதிகாரி மறுத்ததால், நாண் அறுந்தேனும் போகட்டும் என்று கடுமையாகப் பயிற்சி செய்ததாகவும், அதனாலேயே வலி தீர்ந்ததாகவும் அவர் கூறியிருக்கிறார்.

பயிற்சி எளியது. வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலின் வலுவால் நுனிக்காலில் உயருங்கள். பிறகு எடையை நோயுற்ற காலுக்கு மாற்றி, அக்குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15 தடவையாக மூன்று முறையும், சற்று மடக்கி 15 தடவையாக மூன்று முறையும் செய்ய வேண்டும். காலையும் மாலையும், நாள் தவறாமல் 12 வாரங்கள் செய்ய வேண்டும். வலி எலும்போடு நாண் சேரும் இடத்தில் இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் நின்றே செய்யலாம். நாண் அறுந்திருக்குமோ என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும் இப்பயிற்சியைத் தொடவே கூடாது. மருத்துவர் பார்த்தபின்னரே தொடங்குங்கள்.

பல மாதங்கள் முறையாகப் பயின்றும் வலி நீங்காதவருக்கே சிறு துளை அறுவை பயன்படுகிறது. நைந்துபோன நாணில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்கள் இட்டால், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் பெருகிப் புதிய இழைகள் தோன்ற வழியாகும்.

விழிப்போடு இருக்க வேண்டியவை

வலிக்கும் நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது நாணை வலுவிழக்கச் செய்யும். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் என்று விற்கப்படும் பதிவு பெறாத சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ‘உண்டதும் வலி பறந்தது’ என்று புகழப்படும் மாத்திரையையோ பொடியையோ பதிவெண் இன்றி வாங்காதீர்கள். சிலவகைக் கிருமிக்கொல்லி மருந்துகளும், குறிப்பாகச் சிப்ரோஃப்ளோக்சசின் இனத்தைச் சேர்ந்தவை, நாணைப் பாதிக்கலாம். அவற்றை உண்ணும்போது குதிகாலில் வலி கண்டால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

நீரிழிவும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதைத் தடுக்கின்றன. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு உள்ளது. தமக்கு இருப்பதை அறியாதவரும் அவருள் அடங்குவர். ஆகவே, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்து அறிவது கால்களைக் காக்கும் வழியுமாகும்.

விடுப்பும் ஊதியமும்

அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலும் கட்டு. பின்னர் குதிகாலின் கீழ் உயரம் வைத்த காலணி. மொத்தம் 6 முதல் 8 வாரங்கள் அவ்வாறு செல்லும். மேட்டு நிலத்தில் சுமையோடு நடக்க 4 முதல் 6 மாதங்கள் ஆகலாம். இடையில் கெண்டைச் சதை திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அது இரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

‘இத்தனை நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரிவது எப்படி?’ என்னும் கவலையே பலரை மருத்துவமனைக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. இதற்காகவே சட்டம் உள்ளது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ நிறுவனம், வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு மருத்துவ உதவியும், தற்காலிக இயலாமை உதவித்தொகையும் வழங்குகிறது. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். 2019ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் இவ்விபத்துக் காப்புறுதியில் சேர்க்கப்பட்டுள்ளனர். விபத்து நடந்ததை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.

ஆகவே, காலில் அடிபட்டதும் மண்டோரிடமோ கிராணியிடமோ அன்றே கூறுங்கள். எந்த நிரையில், எத்தனை மணிக்கு, எவ்வாறு நேர்ந்தது, கண்டவர் எவர் என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் நீவிக்கொண்டு ஒரு மாதம் கழித்துச் சென்றால், காலுக்கு மட்டுமன்று, உரிமைக்கும் சான்று குறைந்துவிடும்.

முடிவாக

கத்தி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். வாளி உடைந்தால் வேறு வாங்கலாம். காலுக்கு மாற்றுக் கால் இல்லை. பின்னங்காலில் அடித்தது போன்ற உணர்ச்சி, நுனிக்காலில் நிற்க இயலாமை ஆகிய இரண்டையும் உங்கள் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். நாளை ஒருவர் நொண்டிக்கொண்டு லயத்துக்கு வரும்போது, எண்ணெய்ப் புட்டியைத் தேடாமல் வண்டியைத் தேடுவோமாயின், அவர் மீண்டும் தம் நிரைக்கு நிமிர்ந்து நடந்து செல்வார்.